முதல் சோடி ஸ்பீக்கர்: பலகை அறுக்க முன் அளக்க வேண்டியவை

முதன்முதலாக ஒரு சோடி ஸ்பீக்கர் செய்ய வெளிக்கிடுகிறவர் பெட்டியில்தான் தொடங்குகிறார். பலகை வாங்கி, அறுத்து, ஒட்டி, பெயின்ரும் அடித்து முடித்த பிறகு, கடையில் கிடைக்கும் ஒரு ரெடிமேட் கிரொஸ்ஓவர் போர்டை, அதாவது தாழ்ந்த சுருதியை வூஃபருக்கும் உயர்ந்த சுருதியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுற்றை, உள்ளே போட்டு மூடிவிடுகிறார். பெட்டி வடிவாக இருக்கும். பாட்டுப் போட்டால் ஆண் குரல் மூக்கால் பாடும், நாதஸ்வரம் காதைக் குத்தும். பிறகு பலகையைக் குறை சொல்வார்கள், அம்ப்பைக் குறை சொல்வார்கள். பிழை இருப்பதோ வூஃபரின் காந்தத்தில் ஒட்டியிருக்கும் "8 ஓம்" என்ற சீட்டை அப்படியே நம்பியதில்.

அந்த 8 ஓம் ஒரு கூப்பிடு பெயர் மாதிரி. மல்ட்டிமீற்றரை வைத்தால் 6.4 ஓம் காட்டும். அதே வூஃபர் அதன் ஒத்திசைவுச் சுருதியில், அதாவது கூம்பு தானாகவே ஆட விரும்பும் சுருதியில், 50 ஹேர்ட்ஸ் அளவில், 40 ஓம் வரை ஏறும். 300 ஹேர்ட்ஸில் 7 ஓமுக்கு இறங்கும். பிறகு கூம்பை ஆட்டும் கம்பிச்சுருளான வொய்ஸ் கொயிலின் தூண்டல் காரணமாக மறுபடி ஏறி, 3000 ஹேர்ட்ஸில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ரெடிமேட் போர்டைச் செய்தவர் எல்லாச் சுருதியிலும் ஒரே 8 ஓம் என்று கணக்குப் போட்டிருப்பார். வூஃபரையும் ட்வீட்டரையும் பிரிக்கும் அவருடைய 3000 ஹேர்ட்ஸ் வேலி உங்கள் வூஃபரில் எங்கே விழும் என்பது அவருக்கும் தெரியாது.

வாங்க வேண்டியது 5¼ அங்குல வூஃபரும் 1 அங்குலத் துணி டோம் ட்வீட்டரும். 8 அங்குலம் வாங்கினால் பேஸ் கூடும் என்ற ஆசை நியாயம்தான், ஆனால் ட்வீட்டருக்குக் கைமாற்றும் 2500 ஹேர்ட்ஸில் அலைநீளம் 13.8 செ.மீ. கூம்பு அதைவிடப் பெரிதானால் சத்தம் டோர்ச் வெளிச்சம் மாதிரி நேரே மட்டும் போகும். நடுக் கதிரையில் இருப்பவருக்கு ஒரு சத்தம், பக்கத்தில் இருப்பவருக்கு வேறு சத்தம். 5¼ அங்குலக் கூம்பு 10, 11 செ.மீ.தான் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. ட்வீட்டரில் பார்க்க வேண்டியது அதன் ஒத்திசைவுச் சுருதி. அது 1200 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் 2500இல் பிரிக்கலாம். பீசோ ட்வீட்டர் வேண்டாம். காருக்கு விற்கும் குட்டி ட்வீட்டர்களும் வேண்டாம், அவை இவ்வளவு கீழே இறங்கிப் பாடச் செய்யப்பட்டவை அல்ல.

திருகோணமலைக்கு என்று ஒரு விதி உண்டு. கூம்பின் ஓர வளையம் ரப்பராக இருக்க வேண்டும், ஃபோம் ஆகாது. உவர்மலையிலோ உப்புவெளியிலோ கடலிலிருந்து அடிக்கும் ஈரக் காற்றில் ஃபோம் வளையம் சில வருடங்களில் உதிர்ந்து பொடியாகிவிடும். டவுனில் ரி.வி. திருத்தும் கடைகளில் கழற்றி வைத்திருக்கும் பழைய ஸ்பீக்கர்களின் விளிம்பை விரலால் தொட்டாலே தெரியும். ஊரில் கிடைக்காததைக் கொழும்பில், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். கடையிலேயே கூம்பை இரண்டு கை விரல்களாலும் சமமாக அமத்திப் பாருங்கள். மணல் உரசுவது மாதிரிக் கேட்டால் திருப்பிக் கொடுங்கள்.

இனி அளவு. மலிவு வூஃபருடன் வரும் தாளில் மூன்று எண்கள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்: ஒத்திசைவுச் சுருதி, கியூ.ரி.எஸ் (அந்தச் சுருதியில் கூம்பின் ஆட்டம் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது), வாஸ் (கூம்பின் தொங்கலுக்குச் சமமான நெகிழ்வு தரும் காற்றின் அளவு, லீற்றரில்). பெட்டியை முடிவு செய்வது இந்த மூன்றும்தான். தாள் இருந்தாலும் நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள். ஒரே பெயரில் வந்த இரண்டு வூஃபர்களுக்கு இடையிலேயே வித்தியாசம் வரும்.

தேவையானவை 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, மில்லிவோல்ட் ஏ.சி. காட்டும் மீற்றர், ஃபோனில் டோன் ஜெனரேட்டர் அப், ஒரு அம்ப். வூஃபரை 1000 ஓமுடன் தொடராகப் பிணைத்து அம்ப்பில் கொடுங்கள். முதலில் வூஃபரின் இடத்தில் 10 ஓமை வைத்து, அதன் இரண்டு முனைகளிலும் மீற்றரைத் தொடுத்து, மீற்றர் சரியாக 10 மில்லிவோல்ட் காட்டும்வரை வொலியூமைத் திருப்பி, அதோடு கையை எடுத்துவிடுங்கள். இப்போது ஒரு மில்லிவோல்ட் என்றால் ஏறக்குறைய ஒரு ஓம். வூஃபரைத் திரும்ப மாட்டி, மீற்றரை அதன் முனைகளில் வைத்து, 20 ஹேர்ட்ஸிலிருந்து மெல்ல மெல்ல மேலே போங்கள். எண் ஏறி, உச்சத்தைத் தொட்டு, இறங்கும். உச்சம் 50 ஹேர்ட்ஸில் 40 என்று வைத்துக்கொள்வோம்.

40ஐ மல்ட்டிமீற்றர் காட்டிய நேர்மின் தடை 6.4 ஆல் வகுத்தால் 6.25. அதன் வர்க்கமூலம் 2.5. 6.4ஐ 2.5 ஆல் பெருக்க 16. மீற்றர் 16 காட்டும் இரண்டு சுருதிகளை, உச்சத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக, தேடிப் பிடியுங்கள். 31உம் 81உம் வந்தால் இடைவெளி 50. உச்சச் சுருதி 50ஐ 2.5 ஆல் பெருக்கி அந்த இடைவெளி 50 ஆல் வகுத்தால் 2.5. அதை 6.25 ஆல் வகுத்தால் 0.40. அதுதான் கியூ.ரி.எஸ். நீங்கள் பிடித்த இரண்டு சுருதிகளையும் பெருக்கினால் உச்சச் சுருதியின் வர்க்கத்துக்குக் கிட்ட வர வேண்டும். 31 × 81 = 2511, 50 × 50 = 2500. வராவிட்டால் எங்கேயோ தவறாக வாசித்திருக்கிறீர்கள்.

வாஸுக்குத் துண்டுப் பலகையில் சரியாக 10 லீற்றர் மூடிய பெட்டி ஒன்று செய்து, வூஃபரை அதன் வாயில் காற்றுப் போகாமல் இறுக்கி, உச்சத்தைத் திரும்பத் தேடுங்கள். அது 74க்கு ஏறியிருந்தால், 74ஐ 50 ஆல் வகுத்து, வர்க்கித்து, 1 கழித்து, 10 ஆல் பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 12 லீற்றர். புது வூஃபரின் வளையம் விறைப்பாக இருக்கும் என்பதால், அளக்க முன் மெல்லிய சத்தத்தில் 25 ஹேர்ட்ஸ் கொடுத்துச் சில மணித்தியாலம் ஆடவிடுவது நல்லது. கம்பியூட்டர் இருந்தால் ஆர்.ஈ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருள் இந்த வேலை முழுவதையும் செய்யும். ஆனாலும் ஒருமுறை கையால் செய்து பார்த்தவருக்குத்தான் அந்த வளைகோடு என்ன சொல்கிறது என்பது விளங்கும்.

கம்பியூட்டருடன் அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்போது எல்லோரும் வாங்கும் டி.பி.ஏ. 3116 சிறிய அம்ப் போர்டில் ஸ்பீக்கரின் கறுப்பு வயர் பூமி அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. சவுண்ட் கார்ட்டின் பூமி வயரை அதில் தொடுத்தால் போர்டு எரிந்துவிடலாம். இடது வலதுக் கறுப்பு வயர்கள் இரண்டையும் ஒன்றாக முறுக்கினாலும் அதே கதி.

எண்கள் கையில் வந்தால் பெட்டி தானாக வரும். முற்றாக மூடிய பெட்டி என்றால், பெட்டியோடு சேர்த்து நாம் இலக்கு வைக்கும் கியூவான 0.707ஐ 0.40 ஆல் வகுத்து, வர்க்கித்து, 1 கழித்தால் 2.12. வாஸ் 12ஐ அதனால் வகுக்க 5.7 லீற்றர். இறுக்கமான, சுத்தமான பேஸ் கிடைக்கும், ஆனால் 88 ஹேர்ட்ஸுக்குக் கீழே சரிந்துவிடும். குழாய் வைத்த பெட்டி என்றால் 12 லீற்றர் எடுத்து 50 ஹேர்ட்ஸில் சுருதி கூட்டலாம். தவிலின் தொப்பியும் மிருதங்கத்தின் இடது பக்கமும் நிறைவாகக் கேட்க வேண்டுமானால் இதுவே நல்லது. வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் போட்டு ஒப்பிடுங்கள். கியூ.ரி.எஸ் 0.5ஐத் தாண்டிய வூஃபருக்கு மட்டும் குழாய் வைக்காதீர்கள். பேஸ் வீங்கி "பொம் பொம்" என்று ஒரே நோட்டில் அடிக்கும்.

12 லீற்றருக்கு உள்ளளவு அகலம் 17, உயரம் 36, ஆழம் 23 செ.மீ. அது 14 லீற்றர் வரும். வூஃபர், குழாய், குறுக்குச் சட்டம், கிரொஸ்ஓவர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 2 லீற்றரைத் தின்றுவிடும். 18 மி.மீ. பலகையில் வெட்ட வேண்டியவை: முன், பின் பலகை 20.6 × 39.6 நான்கு, பக்கம் 23 × 39.6 நான்கு, மேல் கீழ் 17 × 23 நான்கு. எட்டுக்கு நான்கு அடித் தாளில் பாதி போதும். வீட்டில் கைவாளால் அறுக்க வேண்டாம். மரக்காலையிலோ ஓடாவியின் பட்டறையிலோ மேசை வாளில் ஒரே தரத்தில் அறுத்துத் தரக் கேளுங்கள். ஒரே அளவுத் துண்டுகள் எல்லாம் வாளின் வேலியை நகர்த்தாமல் அடுத்தடுத்து வர வேண்டும், அப்போதுதான் பெட்டி சதுரமாக நிற்கும்.

எம்.டி.எஃப். மலிவு, கனதி, சத்தத்துக்கு நல்லது. ஆனால் மாரியில் அதன் வெட்டு முனை ஈரத்தை உறிஞ்சி வீங்கும். எம்.டி.எஃப்.தான் என்றால் முனைகளுக்குத் தண்ணீர் கலந்த வெள்ளைக் கம் இரண்டு தரம் பூசி, காய்ந்ததும் தேய்த்து, உள்பக்கத்துக்கும் சேர்த்து சீலர் அடியுங்கள். உள்ளே அடிக்க எல்லோரும் மறக்கிறார்கள், குழாய் வழியாக ஊர்க் காற்று முழுக்க உள்ளே போய் வருவது நினைவில் இருப்பதில்லை. பிளைவூட் ஈரத்தைத் தாங்கும், ஆனால் மலிவுத் தாளின் நடு அடுக்கில் பொந்து இருக்கும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் சத்தம் மாறும் இடம் பொந்து. அந்த இடம் உங்கள் முன்பலகையில் வந்தால் ஒரு குறிப்பிட்ட நோட்டுக்கு மட்டும் இரையும். ஒட்டு வேலைக்கும் பெயின்ருக்கும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்கள்தான் நல்ல காலம். கார்த்திகை மார்கழியில் அடித்த பெயின்ர் நாள்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டு கிடக்கும்.

கிளாம்ப் பத்து வாங்கத் தேவையில்லை. பழைய சைக்கிள் ரியூப்பை நீளவாக்கில் வெட்டி நாடாவாக்கி, ஒட்டிய பெட்டியைச் சுற்றி இழுத்து இழுத்துக் கட்டினால் எந்தக் கிளாம்பும் தராத சமமான இறுக்கம் வரும். கட்டியவுடன் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். ஒரு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கம் காய முன் நீளமான மூலைகளை நெருக்கிச் சரிசெய்யுங்கள். முன்பலகையை வைத்து ஒட்ட முன் உள் மூலைகள் எல்லாவற்றிலும் கம்மை விரலால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். காற்றுக் கசிவு பெரும்பாலும் அங்கேதான்.

முன்பலகையில் ட்வீட்டரின் மையம் மேலிருந்து 9.5 செ.மீ., வூஃபரின் மையம் 22 செ.மீ. இரண்டுக்கும் இடையே 12.5. இது 13.8ஐத் தாண்டக் கூடாது என்பது மேலே சொன்ன அலைநீளக் கணக்கு. ரவுட்டர் இல்லாமல் ட்வீட்டரை மட்டமாகப் பதிக்க ஒரு வழி உண்டு. 4 மி.மீ. பிளைவூட்டில் சட்டத்தின் வெளிவட்டத்துக்குத் துளை வெட்டி முன்னால் ஒட்டினால் ட்வீட்டர் அதற்குள் அமர்ந்துவிடும். வூஃபர் துளையின் பின்விளிம்பை அரத்தால் 45 பாகைக்குச் சரித்துவிடுங்கள். விடாவிட்டால் 18 மி.மீ. சுவர் ஒரு சுரங்கமாகி வூஃபரின் மூச்சை அடைக்கும். திருகாணி எல்லாம் ஸ்டெயின்லெஸ். சாதாரண ஆணி இந்த உப்புக் காற்றில் துருப்பிடித்தால் பிறகு தலை உடைந்துதான் வரும்.

குழாய்க்கு பி.வி.சி. நீளத்துக்கான சூத்திரம்: உள்விட்டத்தை வர்க்கித்து 23562.5 ஆல் பெருக்கி, சுருதியின் வர்க்கத்தையும் லீற்றரையும் பெருக்கி வந்ததால் வகுத்து, உள்விட்டத்தின் 0.732 மடங்கைக் கழிக்க வேண்டும். உள்விட்டம் 5 செ.மீ., 50 ஹேர்ட்ஸ், 12 லீற்றர் என்றால் 16 செ.மீ. கடைக்காரர் சொல்லும் "இரண்டு அங்குலம்" உள்விட்டம் அல்ல. குழாயை வாங்கி அளந்த பிறகு கணக்குப் போடுங்கள். பின்பலகையில் அடியிலிருந்து 7.5 செ.மீ. உயரத்தில் வையுங்கள், வூஃபரின் காந்தத்துக்கு நேரே வேண்டாம். உள்ளே சுவர்களுக்கு 2.5 செ.மீ. தடிப்பில் தலையணைக்குப் போடும் பொலியெஸ்டர் பஞ்சு, குழாய் வாயைச் சுற்றி மட்டும் வெறுமையாக. இலவம்பஞ்சு கட்டிபட்டுப் போகும். மெத்தைத் தும்பு தூசி உதிர்க்கும், அந்தத் தூசி எங்கே போய்ச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

இனித்தான் உண்மையான வேலை. லிங்க்விட்ஸ், ரைலி என்ற இரண்டு பொறியியலாளர்களின் பெயரால் வழங்கும், 1976இல் வெளியான முறைப்படி, இரண்டாம் படி, 2500 ஹேர்ட்ஸ், 8 ஓமுக்குக் கணக்கிட்டால் ஒரு பக்கத்துக்கு 1.0 மில்லிஹென்றி கொயிலும் 4 மைக்ரோஃபரட் கப்பாசிட்டரும் வரும். வூஃபருக்குக் கொயில் தொடராகவும் கப்பாசிட்டர் அதன் இரண்டு முனைகளுக்கும் குறுக்காகவும், ட்வீட்டருக்குக் கப்பாசிட்டர் தொடராகவும் கொயில் குறுக்காகவும். ஆனால் இந்தக் கணக்கு 8 ஓமை நம்பிப் போட்டது. ஆகவே வூஃபரை முதலில் 8 ஓம் ஆக்க வேண்டும். அதன் நேர்மின் தடையின் 1.25 மடங்கு, அதாவது 8 ஓம் ரெசிஸ்டரையும் 12 மைக்ரோஃபரட் கப்பாசிட்டரையும் ஒன்றோடொன்று தொடராக்கி வூஃபருக்குக் குறுக்கே போடுங்கள். 12 என்பது தூண்டல் 0.8 மில்லிஹென்றி என்ற கணக்கு. உங்கள் வூஃபரின் தூண்டலை அந்த ரெசிஸ்டரின் வர்க்கத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ரெடிமேட் போர்டில் அநேகமாக இல்லாதது இந்த இரண்டு சாமான்கள்தான்.

அடுத்தது பெட்டியின் அகலம். 115ஐ மீற்றர் அகலம் 0.206 ஆல் வகுத்தால் 558 ஹேர்ட்ஸ். அதற்கு மேலே சத்தம் முன்பக்கம் மட்டும் போகிறது. கீழே போகப் போகப் பெட்டியைச் சுற்றிப் பின்னுக்கும் கசிகிறது. விளைவு, குரலில் நெஞ்சு இல்லாமல் தொண்டை மட்டும் கேட்கும். வூஃபரின் கொயிலை 1.0இலிருந்து 1.5 மில்லிஹென்றி வரை கூட்டினால் நடுப்பகுதி தணிந்து சமநிலை வரும். அதற்கேற்ப ட்வீட்டரையும் தணிக்க வேண்டும். வூஃபர் 87 டெசிபெல், பெட்டியின் கசிவுக்கு 3 போனால் 84, ட்வீட்டர் 90 என்றால் 6 டெசிபெல் குறைக்க 4 ஓம் தொடராக, 8 ஓம் ட்வீட்டருக்குக் குறுக்காக. 10 வாட் சீமெந்து ரெசிஸ்டர்கள் போதும். சுவருக்குக் கிட்ட வைப்பவர்கள் கொயிலை 1.2க்கு மேல் கூட்டாதீர்கள், சுவரே மிச்ச பேஸைத் தந்துவிடும்.

கொயிலை வாங்குவதைவிடச் சுற்றுவது மலிவு. தண்ணீர் மோட்டர் வைண்டிங் செய்யும் கடைகளில் எனாமல் செம்புக் கம்பி நிறைக்குத் தருவார்கள். 1 மி.மீ. கம்பி, 3 செ.மீ. வெளிவிட்டமுள்ள பி.வி.சி. துண்டு, 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு பிளைவூட் தட்டு. ஒரு வரிக்கு 18 சுற்று, 10 வரி, 180 சுற்றில் 1.0 மில்லிஹென்றி. கம்பி 23 மீற்றர், நிறை 160 கிராம், தடை அரை ஓம். 1.5க்கு 215 சுற்று. பத்துச் சுற்று கூடவே சுற்றிவிட்டு அளந்து அளந்து பிரித்துக் குறைப்பது இலகு. அளக்க 2.2 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, டோனின் சுருதியை மாற்றிக்கொண்டே போங்கள். ரெசிஸ்டரின் மேலும் கொயிலின் மேலும் வோல்ட்டேஜ் சமமாகும் இடம் 340 ஹேர்ட்ஸ் என்றால் 1.0, 225 என்றால் 1.5. ரெசிஸ்டர் சிறிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு: மலிவு மீற்றர்கள் 400 ஹேர்ட்ஸுக்கு மேலே ஏ.சி.யைச் சரியாக வாசிப்பதில்லை. முனையின் எனாமலைச் சுரண்டாமல் ஈயம் வைத்தால் ஒட்டினது மாதிரித் தெரியும், ஒட்டியிராது. பிளேட்டால் செம்பு மின்னும்வரை சுரண்டுங்கள். பலகையில் இரண்டு கொயில்களையும் தள்ளி, ஒன்று படுத்தும் ஒன்று நின்றும் இருக்க வையுங்கள். ஒரே திசையில் கிட்ட வைத்தால் வூஃபரின் சிக்னல் ட்வீட்டருக்குத் தாவும்.

கப்பாசிட்டர் ட்வீட்டருக்கு ஃபிலிம் வகை. மற்ற இரண்டும் முனைவற்ற எலெக்ட்ரோலைட்டிக் போதும். சாதாரண எலெக்ட்ரோலைட்டிக் போட்டால் இன்றைக்கு வேலை செய்யும், பிறகு வீங்கும். அவசரத்துக்கு 22 மைக்ரோஃபரட் இரண்டை மறை முனைகள் சேரத் தொடராகப் பிணைத்தால் முனைவற்ற 11 கிடைக்கும்.

இந்த முறையில் ட்வீட்டரைத் தலைகீழாக, நேர் முனைக்கு மறை வயர் கொடுத்துப் பிணைக்க வேண்டும். வூஃபரின் முனையை 1.5 வோல்ட் பற்றறியால் தொட்டுப் பார்க்கலாம், கூம்பு வெளியே வந்தால் பற்றறியின் நேர் பக்கம்தான் நேர். ட்வீட்டரைப் பற்றறியால் தொடாதீர்கள். 2500 ஹேர்ட்ஸ் டோனை மெதுவாக விட்டு, சத்தத்தை அளக்க ஒரு ஃபோனை ட்வீட்டர் உயரத்தில் ஒரு மீற்றர் தள்ளிப் பிடித்து, ட்வீட்டரின் வயரை இரண்டு விதமாகவும் மாற்றிப் பாருங்கள். ஒரு விதத்தில் சத்தம் பள்ளத்தில் விழும். மற்ற விதம்தான் சரி. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் கிரொஸ்ஓவர் எங்கேயோ தவறியிருக்கிறது, பெரும்பாலும் கொயிலின் அளவில்.

கிரொஸ்ஓவரை உடனே உள்ளே பூட்டாதீர்கள். வயர்களைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, பலகைத் துண்டில் வைத்து, இரண்டு கிழமை கேளுங்கள். வானொலிச் செய்தி வாசிப்பவரின் குரலைவிட நல்ல பரிசோதனை இல்லை. ஆண் குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வந்தால் வூஃபர் கொயில் கூடிவிட்டது. "ச", "ஸ" எல்லாம் சீறினால் ட்வீட்டரின் 4 ஓமை 4.7 ஆக்குங்கள். நாதஸ்வரம் குத்தினால் முதலில் கூடத்தைப் பாருங்கள். சீமெந்துச் சுவரும் டைல் நிலமும் சேர்ந்த அறையில் எந்த ஸ்பீக்கரும் குத்தும். ஒரு பாயும் ஒரு திரைச்சீலையும் போட்டுக் கேட்ட பிறகே ரெசிஸ்டரில் கை வையுங்கள்.

எல்லாம் சரி என்று பட்ட பிறகு கிரொஸ்ஓவரை அடிப்பலகையில் திருகி, வூஃபரின் விளிம்புக்கடியில் கதவு இடுக்குக்கு ஒட்டும் ஃபோம் நாடாவை ஒட்டி இறுக்குங்கள். குழாயின் வெளிமுனையில் நைலோன் நுளம்பு வலைத் துண்டு ஒன்று கட்டிவிட வேண்டும். கட்டாத பெட்டிக்குள் பல்லி முட்டையிடும், குளவி மண் வைத்துக் கூடு கட்டும். கூடு பாதிக் குழாயை அடைத்துவிட்டால், போன மாதம்வரை நிறைவாகக் கேட்ட தவில் இப்போது தகரத்தில் தட்டுவது மாதிரிக் கேட்கும். அம்ப்பைக் கழற்ற முன் டோர்ச்சை எடுத்துக் குழாய்க்குள் அடித்துப் பாருங்கள்.